கணினியின் வேகமும் அலுவிகாரை ஏடுகளும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில் சுமார் மூன்று கிலோமீற்றர் தொலைவில் அலுவிகாரை அமைந்துள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே பேணப்பட்டு வந்த திரிபிடகம் இங்குதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. போரும் பஞ்சமும் சூழ்ந்த வேளையில், மனித நினைவை மட்டும் நம்பியிருத்தல் ஆபத்தானது எனத் துறவிகள் உணர்ந்தனர். 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏடுகளிற் பெரும்பகுதி அழிந்தது. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. வேறிடங்களில் அதற்குப் படிகள் இருந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோதோ, வேறெங்கும் படியில்லாத சுவடிகள் சாம்பலாயின.

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது, விரைவாக்க வழி என்ன என்று கேட்போர் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டியது இதைத்தான். குடும்பப் படங்களும் காணி உறுதிகளின் பிரதிகளும் இன்று அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன. பலரிடம் வேறு படி கிடையாது.

கணினியை விரைவாக்கும் முயற்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய வன்தட்டுகளில் ஒரு கோப்பு துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். சுழலும் தட்டின்மேல் வாசிப்பு முனை அங்குமிங்கும் ஓடி அவற்றைப் பொறுக்குவதால் தாமதம் ஏற்படும். 1993இல் வெளிவந்த எம்.எஸ்.டொஸ் 6 உடன், அத்துண்டுகளை ஒன்றுசேர்க்கும் 'டிஃப்ராக்' என்ற மென்பொருளும் வந்தது. நோயை அறிந்து செய்த வைத்தியம் அது.

பின்னர் வந்தவை எல்லாம் அப்படியல்ல. 1995இல் 'சொப்ட்ராம் 95' என்ற மென்பொருள் நினைவகத்தை இரட்டிப்பாக்குவதாக விளம்பரம் செய்து இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. உண்மையில் அது அவ்வாறு எதையும் செய்யவில்லை. 1996இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. 2017இல், உலகெங்கும் நம்பப்பட்ட 'சிகிளீனர்' என்ற துப்புரவு மென்பொருளின் அதிகாரபூர்வப் பதிப்புக்குள்ளேயே விஷமிகள் தீங்குநிரலைப் புகுத்தினர். அது 22 இலட்சத்துக்கும் அதிகமானோரின் கணினிகளைச் சென்றடைந்தது. துடைப்பத்தின் வழியாகவே திருடன் வீட்டுக்குள் நுழைந்த கதை இது.

ஆகவே, வரிசை முக்கியம். முதலில் கோப்புகளை வெளித்தட்டொன்றில் படியெடுத்து, அது திறக்கிறதா எனச் சரிபார்த்து, கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். அடுத்து, கணினியைத் திறந்தவுடன் தாமாகவே இயங்கத் தொடங்கும் தேவையற்ற மென்பொருள்களை நிறுத்துங்கள். பயன்படாதவற்றை அகற்றி, வட்டில் இடம் ஒதுக்குங்கள். விண்டோஸ் இயங்குதளத்திலுள்ள வசதிகளே இவற்றுக்குப் போதும். வேகத்துக்காக வைரஸ் தடுப்பையோ பாதுகாப்பு இற்றைப்படுத்தலையோ நிறுத்துதல் கூடாது.

அதன் பின்னரும் மந்தமெனில், ராம் எனப்படும் தற்காலிக நினைவகத்தைக் கூட்டலாம். சுழலும் வன்தட்டு இன்னும் இருப்பின், அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்துவதே பெரும் மாற்றத்தைத் தரும். அதில் சுழலும் பாகமேதும் இல்லை; எனவே 1993இன் டிஃப்ராக் வைத்தியம் அதற்கு வேண்டியதில்லை. வீணே எழுதி அழிப்பதால் அதன் ஆயுள்தான் குறையும்.

மெதுவான கணினியை நாளைக்கும் விரைவாக்கலாம். படியின்றி அழிந்ததை யாராலும் மீட்க இயலாது.