கவிழ்த்து வைத்த பாத்திரம்

சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் போன வாரம் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே சுண்டைவற்றல் மாதிரி உருண்டை உருண்டையாக ஏதோ. அங்கே சீன மருந்துக்கடையில் வாங்கியதாம். "உங்கப்பா ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறார்னு சொன்னியே, அதுக்குத்தான்" என்றார். அப்பா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "நான் டாக்டர்கிட்டயே போய்க்கிறேன்" என்று நகர்ந்துவிட்டார். அதுதான் சரியும்கூட. நான்தான் அதன் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

சீனத்தில் இது ஃபு-பென்-ட்ஸ. கவிழ்ந்த பாத்திரம் என்று அர்த்தம். ராஸ்பெரி இனத்துக் காட்டுப் பழம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வேலியோரம் காய்க்குமே மஞ்சள் முள்ளுப்பழம், அதுக்குப் பங்காளி. ஆனால் மருந்துக்குப் பழுக்க விடமாட்டார்கள். பச்சை நிறம் லேசாக மஞ்சளாகும்போதே பறித்து, கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, வெயிலில் காயப்போடுவார்கள். தின்ன ஆசைப்பட்டவனுக்கு ஏமாற்றம்தான்!

ஏன் இந்தப் பெயர்? பழத்தின் வடிவம் கவிழ்த்த கிண்ணம் போல இருப்பதால் என்பது ஒரு கட்சி. 1116-ல் மருந்து நூல் எழுதிய கோவ் ட்ஸோங்ஷி வேறு காரணம் சொல்கிறார். இதைச் சாப்பிட்டால் சிறுநீரகம் பலப்படும், சிறுநீர் குறையும், கட்டிலுக்கடியில் இருக்கிற மூத்திரச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடலாமாம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. அப்பாவுக்கும்.

தமாஷை விடுங்க. உண்மையான சிக்கல், எந்தச் செடி அசல் என்பது. முள்ளுச்செடி இனத்தில் எத்தனையோ வகை, எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பழைய நூல்கள் ஒன்றை இன்னொன்றாக எழுதிவைத்திருந்தன. 16-ம் நூற்றாண்டில் லீ ஷீசென் ஏட்டை மட்டும் நம்பாமல் தானே போய்ப் பறித்துவந்து ஒப்பிட்டுப் பார்த்து, மொத்தம் ஐந்து வகை என்று பிரித்தார். அவருடைய பெரிய நூல் அச்சாகி வந்தது 1596-ல், அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து.

இன்று சீன அரசின் மருந்து நூல் ஒரே ஒரு செடியைத்தான் ஏற்கிறது: ரூபஸ் சிங்கியி. இந்த லத்தீன் பெயருக்குப் பின்னால்தான் என்னைப் பிடித்த கதை இருக்கிறது. 1925-ல் பெயர் வைத்தவர் ஹூ ஷியன்சு, ஹார்வர்டில் படித்த தாவரவியலாளர். சக ஆய்வாளர் சின் ரென்சாங் நினைவாக வைத்தார் (சின் என்பதை அப்போது ஆங்கிலத்தில் சிங் என்று எழுதினார்கள்). சின் பெரணிச் செடிகளில் கரைகண்டவர். 1930-களின் தொடக்கத்தில் ஐரோப்பா போய், அங்கே இருந்த சீனச் செடி மாதிரிகளைப் பதினெட்டாயிரம் புகைப்படம் போல எடுத்துவந்தார். சொந்த ஊர்ச் செடியை அடையாளம் காண லண்டன் போகவேண்டியிருந்த காலம் அது!

இருவரும் இன்னொரு நண்பரோடு சேர்ந்து 1934-ல் ஜியாங்ஷி மாநிலத்து லூஷான் மலையில் தாவரவியல் பூங்கா தொடங்கினார்கள். அந்த ஜியாங்ஷியில் இந்தப் பழம் இன்றும் விளைகிறது.

ஹூவுக்கு முடிவு நன்றாக அமையவில்லை. 1955-ல் தன் புத்தகத்தில் சோவியத்தின் லைசென்கோ சொன்னதை அறிவியல் இல்லை என்று எழுதினார். கடுமையான கண்டனம் வந்தது. கலாசாரப் புரட்சியில் வீட்டைச் சூறையாடினார்கள். 1968-ல் இறந்தார். சின் 1986 வரை இருந்தார்.

லூஷான் பூங்காவுக்குள் இப்போது மூன்று நண்பர்களின் கல்லறைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.