உறுமும் வால்வுகள்

மாமல்லபுரத்தில் ஒரு வீட்டில் பழைய வால்வு ஆம்பிளிபயர் ஒன்றின் விசையைப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அது வாய் திறக்காது. வால்வுகளுக்குள் இழைகள் செந்நிறமாகக் கனன்ற பின்னர், ஒலிபெருக்கியிலிருந்து 'உம்ம்' என்று ஓர் உறுமல் எழும். கிட்டாரின் தந்தியை இன்னும் யாரும் மீட்டவில்லை, மைக்கும் இணைக்கப்படவில்லை. அப்படியானால் இந்த ஒலி எங்கிருந்து வந்தது?

மின் நிலையத்திலிருந்து வந்தது என்றால் வியப்படைவீர்கள். ஆனால் அதுதான் உண்மை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அதே கடற்கரையில் கல்பாக்கம் இருக்கிறது. அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலையில் 1983 ஜூலையில் தொடர்வினை தொடங்கியது. 1984 ஜனவரியில் வணிக முறையில் மின் உற்பத்தி ஆரம்பமாயிற்று. அந்த உலையின் நீராவி சுழற்றும் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 முறை, அதாவது வினாடிக்கு 50 முறை சுழலும்படி அமைக்கப்பட்டது. அதோடு பிணைந்த மின்னாக்கியில் பிறக்கும் மாறுமின்னோட்டமும் வினாடிக்கு 50 முறை அலைகிறது. மேட்டூரின் நீர்ச்சக்கரங்களும் நெய்வேலியின் எந்திரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழன்றாலும், எல்லாம் இதே 50 என்ற தாளத்துக்குக் கட்டுப்பட்டவையே. ஆம்பிளிபயரின் உறுமல் அந்தத் தாளத்தின் எதிரொலிதான். பழுது பார்ப்பவர்கள் அதை 'ஹம்மிங்' என்பார்கள்.

தென்மாநிலங்களின் மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்றுதான் நாட்டின் பிற தொகுப்புகளோடு ஒத்தியங்கும்படி இணைக்கப்பட்டது. அதற்கு முன்பு, குறிப்பாக 1990-களில், மின்பற்றாக்குறை மிகுந்த நேரங்களில் இந்த எண் 50-க்கு நன்றாகக் கீழே இறங்கியதுண்டு. அப்போது உறுமலின் சுருதியும் சேர்ந்தே இறங்கும். காது தேர்ந்தவர்கள் ஆம்பிளிபயரைக் கேட்டே மின்தொகுப்பின் உடல்நிலையைச் சொல்லியிருக்கலாம்!

ஆதியில் வால்வுக் கருவிகளுக்கு இந்த நோய் இல்லை. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிய நாட்களில், வால்வு ரேடியோக்கள் பெரும்பாலும் பேட்டரியால் இயங்கின. இழையைச் சூடேற்ற ஒன்று, எலெக்ட்ரான்களை இழுக்க ஒன்று, அவற்றின் ஓட்டத்தை அடக்கியாள மற்றொன்று எனப் பல பேட்டரிகள் தேவைப்பட்டன. செலவு அதிகம்; ஆனால் பேட்டரியின் மின்சாரம் அலைவதில்லை, ஆகவே உறுமலும் இல்லை. வீட்டு மின்சாரத்தையே பயன்படுத்த முனைந்தபோதுதான் தொல்லை பிறந்தது. மாறுமின்னோட்டம் பாயும் இழையே எலெக்ட்ரான்களையும் உமிழ்ந்தால், அதன் அலைவு பாட்டோடு கலந்துவிடும். எனவே இழையை ஒரு மெல்லிய குழாய்க்குள் ஒளித்து வைத்து, அந்தக் குழாயை மட்டும் எலெக்ட்ரான் உமிழச் செய்தார்கள். கேத்தோடு எனப்படும் இக்குழாய் உள்ள வால்வுகள் அமெரிக்காவில் 1927 வாக்கில் பரவின. அடுப்பின் தீ அசைந்தாலும், கனத்த தோசைக்கல்லின் சூடு அசையாமல் நிற்பதைப் போன்றது இது.

அடுத்த தொல்லை, வால்வுக்குத் தேவையான உயர் அழுத்த நேர்மின்சாரம். மின்திருத்தி மாறுமின்னோட்டத்தை ஒரே திசையில் திருப்பிவிடும். ஆனால் அது சீராக வராது; வினாடிக்கு 100 துடிப்புகளாக வரும். கவலை இறைக்கும் கிணற்றை நினைத்துப் பாருங்கள். சால் மேலே வரும்போதெல்லாம் தண்ணீர் 'குபுக்' என்று கொட்டும். இடையில் ஒரு தொட்டி இருந்தால் வாய்க்காலில் நீர் ஒரே சீராக ஓடும். மின்தேக்கி, அதாவது கண்டென்சர், செய்யும் வேலை அந்தத் தொட்டியின் வேலையே. இதற்குப் பயன்படும் மின்தேக்கிக்குள் ஒரு மின்பகு கரைசல் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, வெப்பத்தில் அது உலர்ந்துபோகும். தொட்டி தூர்ந்துவிட்டது என்று பொருள். துடிப்புகள் நேராக வாய்க்காலில் பாயும், ஒலிபெருக்கி உறுமும்.

ஆகவே உறுமலின் சுருதியைக் கேட்டே பாதி நோயைக் கண்டுபிடிக்கலாம். தாழ்ந்த 50 என்றால் இழைக் கம்பிகளையோ, உறையிட்ட இணைப்புக் கம்பியையோ, தரையிணைப்பையோ சந்தேகியுங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 100 என்றால் மின்தேக்கிதான் முதல் குற்றவாளி. ஒலி அளவுக் குமிழை முழுதும் குறைத்துப் பாருங்கள். உறுமல் குறையாவிட்டால், குறை குமிழுக்குப் பின்னால் இருக்கிறது. மறைந்துவிட்டால் முன்னால் இருக்கிறது.

செங்கல்பட்டு வட்டாரத்தின் முதியவர்களுக்கு இந்த உறுமலைத் தனியே அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. டூரிங் டாக்கீஸ் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்கள் அவர்கள். 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரத்தில் ஊமைப்படம் காட்டத் தொடங்கியபோது ஆம்பிளிபயருக்கு வேலையில்லை. 1931 அக்டோபரில் 'காளிதாஸ்' வெளியாகிப் படங்கள் பேசிய பிறகே வால்வுகள் கொட்டகைக்குள் நுழைந்தன. பேசும்படச் சுருளின் ஓரத்தில் ஒலி ஒரு கோடாகப் பதிந்திருக்கும். ஒரு சிறு விளக்கின் ஒளி அதனூடே சென்று ஒளிமின்கலத்தில் விழும். அந்த விளக்கை மாறுமின்னோட்டத்தில் எரித்தால் அதன் ஒளி வினாடிக்கு 100 முறை கூடிக் குறையும்; கதாநாயகியின் குரலோடு உறுமலும் சேர்ந்து வரும். அதனால் இவ்விளக்குக்கு நேர்மின்னோட்டம் கொடுக்க வேண்டியிருந்தது.

கிட்டார் ஆம்பிளிபயரும் இந்த ரேடியோக் குடும்பத்துப் பிள்ளைதான். மின்கிட்டார் 1932-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பின்னர் புகழ்பெற்ற லியோ பெண்டர் 1938-இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்துத் தொழில் தொடங்கியவர். ரேடியோவின் சுற்றுகளோடு அதன் நோய்களும் கிட்டாருக்கு வந்து சேர்ந்தன. போதாக்குறைக்கு, தந்தியின் அதிர்வை உணரும் கம்பிச்சுருள் அருகிலுள்ள மின்மாற்றியின் காந்த அலைவையும் உணர்ந்துவிடும். கிட்டாரோடு உடலைத் திருப்பினால் உறுமல் கூடிக் குறைகிறதா? அப்படியானால் ஆம்பிளிபயரைத் திறக்கவே வேண்டாம். 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் இதற்கு ஒரு வழி கண்டார்: காந்த முனையும் சுற்றும் எதிரெதிராக உள்ள இரு சுருள்கள். தந்தியின் ஒலி இரண்டிலும் கூடும். வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

உறுமல் இல்லாமல் ஒலி மட்டும் மெலிந்துபோவது இன்னொரு வகை. கேத்தோடின் மேற்பூச்சு தேய்ந்தால் எலெக்ட்ரான்கள் குறையும். கேத்தோடோடு இணைந்த சிறு மின்தேக்கி உலர்ந்தாலும், ஒரு சத்தமும் போடாமல் ஒலியளவு இறங்கிவிடும். மின்கம்பிப் பாதையின் கடைசி வீட்டில் 230 வோல்ட் 180-ஆகக் குறைந்தால், 6.3 வோல்ட்டில் எரிய வேண்டிய இழைக்கு 5 வோல்ட் கூடக் கிடைக்காது. கருவியில் குறையே இருக்காது!

கடலோரத்தில் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புக்காற்று வால்வின் கால்களையும் அவை பொருந்தும் துளைகளையும் அரிக்கிறது. 'கரகர' என்ற ஒலி, திடீரென்று ஒலி நின்று தட்டினால் திரும்புவது, இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் காரணம் இந்த உப்புதான். வால்வை மாற்று என்று சொல்பவரின் பேச்சை உடனே கேட்டுவிடாதீர்கள். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960-களில் செய்த ரேடியோ வால்வுகள் இன்று கடைக்குப் புதிதாக வருவதில்லை. ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வருபவையே கிடைக்கின்றன, விலையும் அதிகம். கால்களைச் சுத்தம் செய்து பொருத்திப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

மெல்லிய 'ஸ்ஸ்' என்ற சீறலை மட்டும் முழுதும் போக்க முடியாது. எலெக்ட்ரான்கள் மழைத்துளி போல ஒவ்வொன்றாக வந்து விழுவதால் எழும் இரைச்சலை ஜெர்மனியின் ஷாட்கி 1918-இல் விளக்கினார். எந்த மின்தடையிலும் வெப்பத்தாலேயே இரைச்சல் பிறக்கிறது என்பதை அமெரிக்காவில் ஜான்சன் அளந்து காட்ட, நைக்விஸ்ட் கணக்கிட்டு நிறுவினார். இருவர் கட்டுரைகளும் 1928-இல் வெளிவந்தன.

இளைஞர்களுக்கு ஒரு கண்டிப்பான சொல். மின்தேக்கி என்ற அந்தத் தொட்டியில் 400 வோல்ட் வரை நிரம்பியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது நெடுநேரம் அங்கேயே நிற்கலாம். ஆளைக் கொல்ல அது போதும். அதைத் தகுந்த மின்தடை வழியே வடித்து, மீட்டரில் அளந்து பார்க்கத் தெரிந்தவர் அருகில் இல்லாமல் மூடியைக் கழற்றாதீர்கள். குமிழைத் திருப்புவது, கிட்டாரோடு திரும்புவது, சுருதியைக் கேட்பது ஆகிய மூன்று சோதனைகளுக்கும் மூடியைத் தொடவே வேண்டியதில்லை.