சிறு எரிவாயு உருளை

சிறு எரிவாயு உருளை என்பது நீர்ம பெட்ரோலிய வாயுவை 5 கிலோகிராம் அல்லது அதற்கும் குறைந்த அளவில் அடைத்து வைக்கவும் எடுத்துச் செல்லவும் பயன்படும் எஃகுக் கலன் ஆகும். இந்தியாவில் வீடுகளுக்கு வழங்கப்படும் வழக்கமான உருளை 14.2 கிலோகிராம் வாயுவையும், உணவகங்களுக்கு வழங்கப்படும் உருளை 19 கிலோகிராம் வாயுவையும் கொள்வன. இவற்றை வாங்க இயலாதவர்களும், ஓரிடத்தில் நிலையாகத் தங்காதவர்களும் சிறு உருளைகளை நாடுகின்றனர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையில் இவற்றின் பயன்பாடு வேளாண்மைப் பருவங்களோடும் கடற்தொழிலோடும் தொடர்புடையது. இவ்வுருளைகளை எங்கு, எவ்வாறு மறுபடி நிரப்புவது என்பதும், பழுதானவற்றை எவ்வாறு அகற்றுவது என்பதும் பாதுகாப்புச் சார்ந்த முக்கியமான சிக்கல்களாகும்.

உள்ளடக்கமும் இயங்கும் விதமும்

நீர்ம பெட்ரோலிய வாயு பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டின் கலவையாகும். புரொப்பேனின் கொதிநிலை சுழியத்துக்குக் கீழ் 42 பாகை செல்சியஸ். பியூட்டேனின் கொதிநிலை சுழியத்துக்குக் கீழ் அரை பாகை. எனவே சாதாரண வெப்பநிலையில் இவை வாயுக்களே. அழுத்தத்துக்கு உட்படுத்தும்போது நீர்மமாக மாறி, ஏறத்தாழ 250 மடங்கு குறைந்த இடத்தில் அடங்குகின்றன.

உருளையின் அடிப்பகுதியில் நீர்மமும் அதன் மேல் ஆவியும் இருக்கும். வால்வைத் திறந்ததும் ஆவி வெளியேறுகிறது. அதை ஈடுசெய்ய நீர்மம் கொதித்து மேலும் ஆவியாகிறது. இதற்குத் தேவையான வெப்பம் உருளையின் சுவர் வழியே வெளிக்காற்றிலிருந்து வருகிறது. நெடுநேரம் எரியும் அடுப்போடு இணைந்த உருளை குளிர்ந்து, வியர்த்திருப்பது இதனால்தான். சிறு உருளையின் பரப்பு குறைவு. ஆகவே பெரிய அடுப்பு ஒன்றை அதனுடன் இணைத்தால், வெப்பம் போதாமல் அழுத்தம் தாழ்ந்து சுடர் சுருங்கிவிடும். பயன்படுத்துபவர் வாயு தீர்ந்துவிட்டதாக எண்ணக்கூடும். உள்ளே நீர்மம் எஞ்சியிருக்கும். சுடரையோ, உருளையை ஆட்டும்போது கேட்கும் ஓசையையோ கொண்டு உள்ளிருப்பதைக் கணிக்க முடியாது. எடை ஒன்றே சரியான அளவீடு.

இவ்வாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிவை உணர்வதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற சேர்மம் கலக்கப்படுகிறது. இது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கனமானது. கசிந்தால் மேலெழாமல் தரையோடு பரவி, குழிகளிலும் சாக்கடைகளிலும் தேங்கும். காற்றில் சுமார் 2 முதல் 9 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது தீப்பற்றும். ஒரு கிலோகிராம் வாயு முழுவதும் கசிந்து காற்றுடன் சீராகக் கலந்தால், 10 அடி நீளமும் 10 அடி அகலமும் 9 அடி உயரமும் கொண்ட ஓர் அறை முழுவதையும் எரியத்தக்க கலவையாக்க அது ஏறத்தாழப் போதுமானது.

விற்பனையில் உள்ள வகைகள்

5 கிலோகிராம் உருளைகள் இரு வழிகளில் கிடைக்கின்றன. முதலாவது வீட்டு இணைப்பு. 2016 மே மாதம் தொடங்கப்பட்ட பிரதமரின் உஜ்வலா திட்டத்திலும் 14.2 கிலோகிராம் உருளைக்கு மாற்றாக 5 கிலோகிராம் உருளையைத் தெரிவு செய்யும் வசதி உண்டு. இரண்டாவது தடையற்ற விற்பனை. 2013 அக்டோபரில் சில பெருநகரங்களின் பெட்ரோல் நிலையங்களில் தொடங்கிய இம்முறையில் முகவரிச் சான்று தேவையில்லை. அடையாளச் சான்று ஒன்று போதும். மாணவர்களையும் வெளியூர்த் தொழிலாளர்களையும் கருத்தில் கொண்டு இது கொண்டுவரப்பட்டது. இந்தியன் ஆயில் நிறுவனம் தனது 5 கிலோகிராம் உருளைக்கு 2020 டிசம்பரில் 'சோட்டு' என்று பெயரிட்டது. அந்நிறுவனத்தின் 2 கிலோகிராம் உருளை 'முன்னா' எனப்படுகிறது. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு கூட்டுறவு அங்காடிகள் வழியாகவும் இவ்விரு அளவுகளின் விற்பனை தொடங்கப்பட்டது.

இவை தவிர, பாத்திரக் கடைகளிலும் சந்தைகளிலும் தரமுத்திரை இல்லாத சிறு உருளைகள் விற்கப்படுவதுண்டு. உருளையின் தலையிலேயே அடுப்பைத் திருகிப் பொருத்தும் வகையே இவற்றில் மிகுதி. இவற்றில் பலவற்றில் வெற்றெடையோ சோதனை நாளோ பொறிக்கப்பட்டிருக்காது.

காவிரிப் படுகையில் பயன்பாடு

படுகையின் சிற்றூர்களில் நெடுங்காலம் வறட்டி, சவுக்கு விறகு, தென்னை மட்டை, உமி ஆகியவையே எரிபொருள்களாக இருந்தன. தமிழ்நாடு அரசு 2007ஆம் ஆண்டு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கத் தொடங்கியபின் வீட்டுச் சமையலில் எரிவாயு விரைவாகப் பரவியது.

ஆனால் படுகையின் உழைப்பில் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியே நடப்பது. குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் வெளி மாவட்டங்களிலிருந்து அறுவடை இயந்திரங்களுடன் வருவோர் வாரக்கணக்கில் வயலோரம் தங்குகின்றனர். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் பட்டி போட்டு, ஊர் ஊராக நகர்கின்றனர். நெல் கொள்முதல் நிலையங்களின் வாயிலில் சரக்குந்து ஓட்டுநர்கள் காத்துக் கிடக்கின்றனர். நாகப்பட்டினம் கடற்கரையிலிருந்து விசைப்படகுகளில் செல்லும் மீனவர்கள் சில நாள்கள் கடலிலேயே சமைத்து உண்கின்றனர். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் குழுக்கள் வழியில் சமைக்கின்றன. தள்ளுவண்டிக் கடைகளும் உண்டு. இத்தகையோருக்குத் தூக்கிச் செல்லத்தக்க உருளை ஓர் இன்றியமையாத கருவி. அது வைக்கோற்போருக்கும் கூரைக் கொட்டகைக்கும் படகின் மூடிய அறைக்கும் அருகில் இருக்க நேர்வதால் கசிவின் விளைவும் கடுமையாகிறது.

முறையான மறுநிரப்பல்

சட்டப்படி உருளைகளை உரிமம் பெற்ற நிரப்பு நிலையங்களில் மட்டுமே நிரப்பலாம். அங்கு ஒவ்வோர் உருளையின் சோதனை நாளும் முதலில் பார்க்கப்படும். பின்னர் வெற்றெடையைக் கணக்கிட்டு, தராசின் மேல் வைத்தே வாயு நிரப்பப்படும். அடுத்து எடை சரிபார்ப்பும் வால்வுக் கசிவுச் சோதனையும் நடைபெறும். பயன்படுத்துபவர் தன் காலி உருளையைக் கொடுத்து, நிரப்பப்பட்ட வேறோர் உருளையைப் பெறுகிறார். இம்மாற்று முறையினால் ஒவ்வோர் உருளையும் மீண்டும் மீண்டும் நிலையத்துக்குத் திரும்பி ஆய்வுக்கு உள்ளாகிறது.

உருளை ஒருபோதும் விளிம்புவரை நிரப்பப்படுவதில்லை. 14.2 கிலோகிராம் உருளையின் நீர்க் கொள்ளளவு 33.3 லிட்டர், 5 கிலோகிராம் உருளையினுடையது சுமார் 12 லிட்டர். 15 பாகை வெப்பநிலையில் 5 கிலோகிராம் நீர்மம் ஏறத்தாழ 9 லிட்டர் இடத்தை நிரப்பும். வெப்பநிலை 50 பாகைக்கு உயர்ந்தால் நீர்மம் சுமார் 10 விழுக்காடு விரிந்து 10 லிட்டராகும். எஞ்சிய 2 லிட்டர் ஆவிக்கு உரியது. இவ்வெற்றிடமே உருளையைக் காக்கிறது.

முறையற்ற மறுநிரப்பலும் அதன் இடர்களும்

வீட்டு உருளையிலிருந்து சிறு உருளைக்கு வாயுவை மாற்றி விற்பது தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் குற்றம். வீட்டு உருளையைக் காட்டிலும் தடையற்ற விற்பனை உருளையில் ஒரு கிலோகிராமின் விலை கூடுதலாக இருப்பது இதற்கு ஒரு காரணம். தரமுத்திரை இல்லாத உருளையை எந்த முகவரும் மாற்றித் தரமாட்டார் என்பது மற்றொரு காரணம். அதனை வாங்கியவர் ஒவ்வொரு முறையும் திருட்டுத்தனமாக நிரப்புபவரிடமே செல்ல வேண்டியவராகிறார்.

இம்மாற்றத்தின்போது மூன்று இடர்கள் எழுகின்றன. முதலாவது, வாயு வெளியில் சிதறுவது. சிறிய கடைக்குள் அது தரையில் தேங்கி, பக்கத்திலுள்ள விளக்கிலோ மின்பொறியிலோ பற்றிக்கொள்ளும். இரண்டாவது, அளவுக்கு மீறிய நிரப்பல். 12 லிட்டர் உருளையில் 5 கிலோகிராமுக்குப் பதிலாக 6.2 கிலோகிராம் அடைக்கப்பட்டதாகக் கொள்வோம். நிழலில் அது அடங்கிவிடும். எந்த வேறுபாடும் வெளியே தெரியாது. சித்திரை வெயிலில் எஃகு உடல் 50 பாகையை எட்டும்போது அந்நீர்மத்துக்கு 12 லிட்டருக்கு மேல் இடம் தேவைப்படும். நீர்மம் எளிதில் சுருங்காது. ஆவிக்கான இடமும் மறைந்துவிட்டதால் அழுத்தம் திடீரென உயர்ந்து, வால்வோ பற்றவைப்போ விட்டுப்போகும். மூன்றாவது, உருளையின் முதுமை. துருப்பிடித்துச் சுவர் மெலிந்த உருளையை ஆய்வு செய்ய அங்கு எவருமில்லை.

2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை தொடருந்து நிலையத்தின் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பற்றி 9 பேர் இறந்தனர். பயணிகள் விதிகளுக்கு மாறாகக் கொண்டுவந்த எரிவாயு உருளை இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. தொடருந்துகளில் எரிவாயு உருளையை எடுத்துச் செல்வது தடைசெய்யப்பட்டுள்ளது.

சட்டங்கள்

1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வாயு உருளை விதிகள் இயற்றப்பட்டன. இன்று நடைமுறையில் உள்ளவை 2016ஆம் ஆண்டின் விதிகள். 500 மில்லிலிட்டருக்கு மேற்பட்டு 1000 லிட்டர் வரை கொள்ளளவுள்ள உலோகக் கலன்கள் இவற்றுள் அடங்கும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவற்றைச் செயல்படுத்துகிறது. வீட்டு உருளையை வணிகத்துக்குப் பயன்படுத்துவதையும், அதிலிருந்து வாயுவை வேறு உருளைக்கு மாற்றுவதையும் 2000ஆம் ஆண்டின் நீர்ம பெட்ரோலிய வாயு வழங்கல் ஆணை தடைசெய்கிறது. தமிழ்நாட்டில் இத்தகைய குற்றங்களைக் குடிமைப்பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறையும் விசாரிக்கிறது.

சோதனை நாள்

உருளையின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளுள் ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் எழுதப்பட்டிருக்கும். ஏ என்பது மார்ச், பி என்பது ஜூன், சி என்பது செப்டம்பர், டி என்பது டிசம்பர் ஆகிய மாதங்களில் முடியும் காலாண்டைக் குறிக்கும். இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 'சி 29' என்றிருந்தால் 2029 செப்டம்பருக்குள் அவ்வுருளை மறுசோதனை செய்யப்பட வேண்டும். இது வாயுவின் காலாவதி நாள் அன்று. உருளையின் சோதனைக்குரிய நாள். புதிய உருளைக்கு முதற்சோதனை 10 ஆண்டுகளிலும், பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் நடைபெறும்.

பழைய உருளைகளை அகற்றுதல்

சோதனையில் தேறாத உருளையை முழுமையாகத் தட்டையாக நசுக்க வேண்டும், அல்லது மீண்டும் ஒட்டவைத்து உருளையாக்க முடியாதவாறு துண்டுகளாக வெட்ட வேண்டும் என்பது விதி. பற்றவைப்பால் புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் சந்தைக்கு வருவதைத் தடுப்பதே இதன் நோக்கம்.

நிறுவன உருளைகளைப் பயன்படுத்துவோர் இதைப்பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. முகவரிடம் திருப்பிக் கொடுத்தால் போதும். தரமுத்திரையற்ற உருளைகளோ பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்கே செல்கின்றன. அங்கு அவற்றை வெட்டுவது மிகவும் ஆபத்தானது. நீர்மம் முற்றிலும் தீர்ந்த 12 லிட்டர் உருளையிலும் 12 லிட்டர் ஆவி மீதமிருக்கும். அது வெளியேறினால் சுமார் 600 லிட்டர் காற்றை எரியத்தக்கதாக்கும். உள்ளே காற்று புகுந்திருந்தால் உருளையே ஒரு வெடிகலனாகிவிடும். எனவே இவற்றைத் துளையிடுவதும் அறுப்பதும் நெருப்பில் இடுவதும் ஆற்றிலோ வாய்க்காலிலோ எறிவதும் கூடாது. வால்வை மூடி, திறந்த வெளியில் நிழலில் நிமிர்த்தி வைத்து, எரிவாயு முகவருக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தெரிவித்து வழி கேட்பதே தக்கது.

பிற நாடுகளில்

வட அமெரிக்காவில் உறைந்த ஏரிகளின் மீது கூடாரமிட்டு, பனிக்கட்டியில் துளையிட்டு மீன்பிடிப்பவர்கள் ஒரு பவுண்டு புரொப்பேன் அடங்கிய சிறு புட்டிகளால் குளிர்காய்கின்றனர். அக்குளிரில் பியூட்டேன் ஆவியாகாது என்பதால் புரொப்பேனே பயன்படுகிறது. இப்புட்டிகளில் பெரும்பாலானவை ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்கானவை. பெரிய உருளையிலிருந்து இவற்றைத் தாமே நிரப்பிக்கொள்வோர் அங்கும் உள்ளனர். அவ்வாறு நிரப்பிய புட்டிகளை வணிக நோக்கில் எடுத்துச் செல்வது கூட்டரசுச் சட்டப்படி குற்றமாகும். குப்பையில் சேரும் புட்டிகள் கழிவு நிலையங்களில் வெடிப்பதால், கலிபோர்னியா மாநிலம் 2022இல் சட்டமியற்றி, 2028 சனவரி முதல் மறுபடி நிரப்ப முடியாத புட்டிகளின் விற்பனைக்குத் தடை விதித்துள்ளது.

இலங்கையில் லிட்ரோ நிறுவனம் 12.5, 5, 2.3 கிலோகிராம் அளவுகளில் உருளைகளை விற்கிறது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டில் எரிவாயு தொடர்பான தீவிபத்துகளும் வெடிப்புகளும் தொடர்ச்சியாக நிகழ்ந்தன. உருளையில் புரொப்பேனின் விகிதம் உயர்த்தப்பட்டதை விசாரணைக் குழு காரணமாகச் சுட்டியது. புரொப்பேன் மிகுந்தால் ஒரே வெப்பநிலையில் அழுத்தமும் மிகும்.

பாதுகாப்பு முறைகள்

வாங்கும்போது முத்திரை, எடை, சோதனை நாள் ஆகிய மூன்றையும் சரிபார்க்க வேண்டும். உருளையை எப்போதும் நிமிர்ந்த நிலையில் வைக்க வேண்டும். கடைசித் துளி வாயுவையும் பெறுவதற்காக உருளையைச் சாய்ப்பதும் கவிழ்ப்பதும் வெந்நீரில் வைப்பதும் தவறு. சாய்ந்த உருளையிலிருந்து ஆவிக்குப் பதில் நீர்மமே அடுப்புக்குச் செல்லக்கூடும். கசிவைச் சோப்பு நீரால் கண்டறியலாம். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கக் கூடாது. வாயு மணம் வந்தால் அடுப்பையும் வால்வையும் மூடி, கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு, மின்விசைகள் எதையும் தொடாமல் வெளியேற வேண்டும். எரிவாயுக் கசிவு குறித்து இந்தியா முழுவதும் 1906 என்ற எண்ணில் எந்நேரமும் தெரிவிக்கலாம். இச்சேவை 2016 சனவரி முதல் இயங்குகிறது.