மட்கார்டும் பெங்களூருவின் மழையும்

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் பெங்களூருவில், சக்கரம் வாரியிறைக்கும் சேற்றைத் தடுக்கும் வளைதகடான மட்கார்டு, சைக்கிளின் அணிகலனாக அன்றி இன்றியமையாத உறுப்பாகவே விளங்கியது. தொலைபேசிக் கருவிகள் செய்த ஐ.டி.ஐ. (1948), இயந்திரங்கள் செய்த எச்.எம்.டி. (1953), மின்னணுக் கருவிகள் செய்த பி.இ.எல். (1954) ஆகியவை அங்கே எழுந்த காலத்தில், தொழிலாளர் பலருக்குச் சைக்கிளே வாகனமாக இருந்தது.

அன்று மட்கார்டைத் தனியே தேர்ந்தெடுக்கும் தேவை பெரும்பாலும் எழவில்லை. 1949இல் சென்னையில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் போன்ற வண்டிகளில் எஃகு மட்கார்டு, அதைச் சக்கர அச்சருகே பிணைக்கும் தாங்குகம்பிகளோடு பொருத்தப்பட்டே வந்தது. பின் மட்கார்டின் நுனியில் பூசிய வெள்ளை நிறம், இருளில் பின்னால் வருவோருக்கு வண்டியைக் காட்டிக்கொடுத்தது.

கியர் சைக்கிள்கள் பல மட்கார்டு இன்றியே விற்கப்படும் இக்காலத்தில், அத்தேர்வு ஓட்டுபவரிடமே வந்து சேர்ந்துள்ளது. எஃகு உறுதியானதெனினும் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் எடை குறைந்ததெனினும் தாங்குகம்பி இல்லையெனில் அதிரும். எப்பொருளாயினும், தகடு டயரைவிடச் சற்று அகன்றும், இடையே சேறு அடையாத இடைவெளி விட்டும், முன்பக்கத்தில் பாதத்தையும் சங்கிலியையும் காக்குமளவு தாழ்ந்தும் அமைய வேண்டும் என்பதே அப்பழைய வண்டிகள் விட்டுச்சென்ற மதிப்புமிக்க பாடமாகும்.