சப்பாத்து வந்த வழி

ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்குபவருக்குச் சில பாடங்களுக்குள்ளேயே 'சப்பாத்தோ' எதிர்ப்படும். சென்னை மாணவர் அதை உருப்போட வேண்டும். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வளர்ந்தவருக்கு அது வேண்டாம். பள்ளிக்கூடச் சப்பாத்தைத் துவைத்து, வெள்ளை பூசி, ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காயவைத்தவர் அவர். (2019இல் வரத் தொடங்கிய கறுப்புச் சப்பாத்து அந்தப் பாட்டைத் தீர்த்துவைத்தது.)

தமிழுக்கு இதைத் தந்தவர்கள் ஸ்பானியர் அல்லர், போர்த்துக்கீசியர். 1511 முதல் 1641 வரை மலாக்காவும், 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணமும் அவர்கள் கையில் இருந்தன. மலாயும் 'செப்பாத்து' என்று வாங்கிக்கொண்டது. ஆனால் அது செழித்தது இந்தோனேசியாவில். இங்கே மலாய்க்காரர் வாயில் அன்றாடம் புழங்குவது 'காசுட்'. ஆகவே நம் சப்பாத்து பக்கத்து வீட்டு மலாயிலிருந்து வந்தது என்பதை நான் எளிதில் ஏற்கமாட்டேன். ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வேலைக்கு வந்து, ஸ்காட் ரோட்டில் கந்தசுவாமி கோயில் எழுப்பிய யாழ்ப்பாணத்தார் மீதுதான் என் சந்தேகம். அவர்கள் பேச்சில் இது இன்றும் உயிரோடிருக்கிறது. தமிழ்நாட்டிலோ ஷூவும் பூட்சும் இதை மூலையில் தள்ளிவிட்டன.

ஐரோப்பாவிலும் இதற்கு உறவுக்காரர்கள் உண்டு. கோலாலம்பூர் ரொட்டிக் கடைகளில் விற்கும் 'சியாபாட்டா'வுக்கு இத்தாலியில் செருப்பு என்று பொருள். தட்டையான வடிவத்தால் வந்த பெயர். எல்லோருக்கும் மூத்த சொல் எதுவென்று அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

ஸ்பானியத்தில் சப்பாத்தோ ஆண்பால். ஆங்கிலம் வழியே படிப்பவர்கள் தடுமாறும் 'த்தோ' நமக்குப் பிறவியிலேயே வரும். முதலெழுத்துதான் இடத்துக்கிடம் மாறும்: லத்தீன் அமெரிக்காவில் 'ஸ', ஸ்பெயினின் பெரும்பகுதியில் நுனிநாக்கைப் பல்லிடையே வைத்து ஒலிக்க வேண்டும். சப்பாத்து தைப்பவர் 'சப்பாத்தேரோ'. 2004 முதல் 2011 வரை ஸ்பெயினின் பிரதமராக இருந்தவருக்கு அதுவே குடும்பப் பெயர். வீட்டுக்குள் போடும் சிலிப்பர் 'சப்பாத்தீயா', ஓட்டப் பயிற்சிக்குப் போடுவதும் அதுவே.

அசல் ஸ்பானியக் கிளையைக் கேட்க மட்ரிட் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிலிப்பீன்ஸ்காரர்கள் கூடும் கோத்தாராயா கட்டடத்துக்குப் போனால் போதும். 1571இல் மணிலாவைத் தலைமையிடமாக்கிய ஸ்பானியரிடமிருந்து அவர்கள் பெற்றது 'சப்பாத்தோஸ்', அதாவது பன்மை வடிவம். நாம் ஒருமையை வாங்கினோம். அவர்கள் சோடியாகவே வாங்கிவிட்டதால், ஒற்றைக்கால் சப்பாத்தும் அவர்களுக்குச் சப்பாத்தோஸ்தான்.