ஜெர்மானிய மக்கள் விழாக்கள்

ஜெர்மனியில் ‘ஃபோல்க்ஸ்ஃபெஸ்ட்’ எனப்படும் மக்கள் விழாக்களில் பழையவை பலவும் தேவாலய வாசலில் பிறந்தவை. ஊர்த் தேவாலயம் அர்ச்சிக்கப்பட்ட நாளை ஆண்டுதோறும் கொண்டாடுவார்கள். திருப்பலிக்குக் கூடும் கூட்டத்தை நம்பி வியாபாரிகள் கடை விரிப்பார்கள். பின்னாலேயே கழைக்கூத்தாடிகளும் வந்து சேர்வார்கள். திருப்பலியைக் குறிக்கும் ‘மெஸ்ஸெ’ என்ற சொல்லே இன்று வணிகக் கண்காட்சிக்கும் வழங்குகிறது.

பிரேமன் நகரின் ஃப்ரைமார்க்ட், 1035இல் பேரரசர் இரண்டாம் கொன்ராட் அளித்த சந்தை உரிமையிலிருந்து தன் வயதைக் கணக்கிடுகிறது. உள்ளூர்க் கைவினைஞர், வணிகர் குழுமங்களின் கட்டுப்பாடு இல்லாமல் வெளியூர் வணிகர்களும் விற்கலாம் என்பதால் வந்த பெயர், ‘கட்டற்ற சந்தை’.

ஹாம்பர்க் விழாவின் கதை இன்னும் சுவையானது. மழைக்கும் குளிருக்கும் ஒதுங்கிய வியாபாரிகள் அங்கிருந்த பேராலயத்துக்குள்ளேயே கடை போட்டார்கள். 1334இல் பேராயர் தடை விதித்தார். ஹாம்பர்க் வானிலையின் முன்னால் அது எடுபடவில்லை. மூன்றே ஆண்டுகளில், வானிலை மோசமானால் மட்டும் உள்ளே வரலாம் என்று இறங்கிவந்தார். 1804க்குப் பின் பேராலயம் இடிக்கப்பட்டது. கடைக்காரர்கள் நகரின் சதுக்கங்களில் அலைந்து, 1893 முதல் ஹைலிகென்கைஸ்ட்ஃபெல்ட் திடலில் நிலைகொண்டார்கள். விழாவை இன்றும் ‘டோம்’, அதாவது பேராலயம், என்றுதான் அழைக்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் அரண்மனைகளும் விழா எடுத்தன. மியூனிக்கில் 1810 அக்டோபர் 12 அன்று இளவரசர் லுட்விக், தெரேசாவை மணந்தார். ஐந்து நாள் கழித்து ஊருக்கு வெளியே குதிரைப் பந்தயம் நடந்த புல்வெளிக்கு மணமகளின் பெயரையே வைத்தார்கள். அக்டோபர்ஃபெஸ்டின் தொடக்கம் அதுதான். பந்தயம் பின்னால் நின்றுபோனது, பீர் நிலைத்தது. குளிருக்கு அஞ்சி 1872இல் தொடக்கத்தைச் செப்டம்பருக்கு நகர்த்தினார்கள், பெயரைத் தொடவில்லை. மேயர் சுத்தியலால் அடித்து முதல் பீப்பாய்க்குக் குழாய் பொருத்தும் சடங்கு பழமையானதாகத் தோன்றினாலும், 1950இல் தொடங்கியதுதான்.

இன்று ஸ்டுட்கார்ட்டின் பகுதியாக உள்ள கான்ஸ்டாட்டின் விழாவுக்குப் பின்னால் இருப்பது பசி. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லை. வூர்ட்டம்பர்க் நாட்டில் விளைச்சல் பொய்த்தது. உழவை ஊக்குவிக்க, மன்னர் முதலாம் வில்ஹெல்ம் 1818இல் நல்ல கால்நடைகளுக்குப் பரிசளித்து விழாவைத் தொடங்கினார். நடுவே கனிகளாலும் கதிர்களாலும் அலங்கரித்த தூண் ஒன்று நின்றது. 1918இல் முடியாட்சி போனதும் மன்னராட்சிச் சின்னம் என்று அதை அகற்றினார்கள். 1935இல் தூண் திரும்பி வந்தது. இன்று 26 மீட்டர் உயரத்தில், ராட்டினங்களுக்கும் பீர் கொட்டகைகளுக்கும் நடுவே நிற்கிறது.