ஆளுநரின் பேனா (அத்தியாயம் 7): மலையில் வெடித்த துப்பாக்கி

விதுராவைத் தாண்டிக் கல்லாறு வந்ததுமே காற்று குளிர்ந்துவிடும். அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. இங்குள்ள தேயிலைத் தோட்டங்களுக்குத் தென் தமிழகத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் பல. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பொன்முடி கேரளத்தில் நின்றது. சொந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், வயிற்றுப்பாடு இந்தப் பக்கம்.

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். அதுதான் லயம். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு விடிவதற்குள் மலையேறும் பெண், அட்டைக்கடியோடு கொழுந்து கிள்ளி, கூடையை நிறுவைக்குக் கொண்டுவந்து நிற்பாள். தராசு முள் எங்கே நிற்கிறது என்பதுதான் அவளுக்கு அன்றைய அரசியல். வீடு, குடிநீர், மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாவற்றையும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கியது. வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. சட்டம் கெஜட்டில் இருந்தது. அதை மலைக்கு ஏற்றிக் கொண்டுவரச் சங்கம் வேண்டியிருந்தது.

கீழே திருவனந்தபுரம் ராஜ்பவனில், ஹைதராபாத் மாநிலத்தின் முன்னாள் முதல்வர் பி. ராமகிருஷ்ண ராவ் ஆளுநராக இருந்தார். 1957 ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாட்டின் கம்யூனிஸ்ட் அமைச்சரவைக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் அவரே. மாநில நிலவரத்தைக் குடியரசுத் தலைவருக்கு எழுதி அனுப்புவது ஆளுநரின் கடமை. அந்தக் கடிதங்களில் ‘சட்டம் ஒழுங்கு’ என்று வருகிற இடமெல்லாம் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து மேலே படியுங்கள்.

முதலாளி – தொழிலாளி தகராறில் முதலாளிக்காகப் போலீஸ் தலையிடாது என்று புதிய அரசு அறிவித்தது. லயங்களில் நம்பிக்கை பிறந்தது. தோட்ட முதலாளிகளின் பங்களாக்களில் பயம் பிறந்தது. 126 இடங்கள் கொண்ட சபையில் கம்யூனிஸ்ட்டுகள் 60, ஆதரவு சுயேச்சைகள் 5. நூலிழைப் பெரும்பான்மை. அதனால்தான் 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு அத்தனை முக்கியத்துவம். பாவலர் வரதராசன் மலை மலையாகப் பாடிப் பிரசாரம் செய்தார். தமிழ்த் தொழிலாளர் ஓட்டுகளோடு கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார்.

அதே ஆண்டு ஜூலை 26. கொல்லம் அருகே சந்தனத்தோப்பில் முந்திரித் தொழிற்சாலைப் போராட்டத்தில் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். அக்டோபரில், அதே தேவிகுளம் தொகுதியின் மூணாறு தோட்டங்களில் ஏ.ஐ.டி.யு.சி. வேலைநிறுத்தம். அது ஆளுங்கட்சியின் சொந்தச் சங்கம். அங்கேயும் துப்பாக்கி வெடித்தது, அங்கேயும் இரண்டு உயிர். யாருடைய ஓட்டில் அரசு நிமிர்ந்து நின்றதோ அந்த ஜனங்களின் மீதே குண்டு பாய்ந்தது. இந்த அரசின் மீது எனக்கு மதிப்பு உண்டு. இந்தக் கறையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எதிரிகள் கைக்கு இரண்டு ஆயுதம் கிடைத்தது. போலீஸைக் கட்டிப்போட்டார்கள் என்பது ஒன்று, போலீஸை ஏவிச் சுட்டார்கள் என்பது இன்னொன்று. ஒன்றுக்கொன்று முரணான இரண்டும் ஒரே குற்றப்பட்டியலில் ஏறின. 1959 ஜூன் 12 அன்று அரசை வீழ்த்த விமோசன சமரம், அதாவது ‘விடுதலைப் போராட்டம்’, தொடங்கியது. மறுநாளே அங்கமாலியில் துப்பாக்கிச் சூடு. அந்த மாதமே நேரு திருவனந்தபுரம் வந்து போனார்.

ஜூலையில் ராமகிருஷ்ண ராவின் அறிக்கை டெல்லிக்குப் போனது. 31ஆம் தேதி குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கையெழுத்திட்டார். அரசியலமைப்பின் 356ஆவது பிரிவின்படி அரசு கலைக்கப்பட்டது. நாடாளுமன்றத்துக்குக் கிடைத்தது அந்த அறிக்கையின் சுருக்கம்தான்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1960 ஜூலை 1. அதே ராஜ்பவனுக்குப் புதிய ஆளுநர் வருகிறார். ரயில்வே தொழிலாளர் சங்கத்தைக் கட்டி வளர்த்தவர். வங்கி ஊழியர் தீர்ப்பை மத்திய அரசு மாற்றியதற்காக 1954இல் தொழிலாளர் அமைச்சர் பதவியையே உதறியவர். வி.வி. கிரி. பேனா இப்போது ஒரு தொழிற்சங்கவாதியின் கையில்.

(அடுத்த வாரம் தொடரும்)